முதல் சொன்ன சாட்சியைத் திருத்துகிறேன்

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். "வெளிநாட்டு கம்பனி வேலை, வீட்டிலிருந்தே, கை நிறையச் சம்பளம், கர்த்தர் தந்தார்" என்றேன். கை தட்டினீர்கள். அதில் பாதி பொய்.

வேலை உண்மை. அவுஸ்திரேலியாவில் கட்டுகிற வீடுகளுக்கு கொம்பியூட்டரில் பிளான் கீறுவது. ஒரு வருஷம் படித்துப் பெற்ற தொழில். கொட்டாஞ்சேனையில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் ஒஃபிஸ். அம்மா சோறு கொண்டு வந்தால் லப்டொப்பை மூடவேண்டும். விடிய ஐந்து மணிக்கு இருந்தால் பின்னேரம் வரை. மூன்று தரம் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினாலும் அதே சொற்பக் காசு. அவர்களுக்கு நான் ஒரு நம்பர். கீறின ஒரு சுவரையாவது கண்ணால் கண்டதில்லை. களைத்துப்போனேன். சம்பளம் கூடவேண்டும் என்று ஆறு மாதம் ஜெபித்தேன். ஒன்றும் அசையவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிய, முகத்துவாரத்து ஜெயா அன்ரி கையைப் பிடித்தார்.

"மகன், உங்கட சாட்சியைக் கேட்டு எங்கட மகள் ஷாமினியும் அதே கோர்ஸ் முடிச்சிட்டாள். கம்பனியில கதைச்சு விடுங்கோ. வெள்ளிக்கிழமை கடை வேலையை விடப்போறாள்."

அந்தக் கடைச் சம்பளத்தில்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

அன்றைக்கு சம்பளத்துக்கு ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்." அவ்வளவுதான்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழும்பினேன். "ஷாமினி தங்கச்சி, கடை வேலையை விடாதேங்கோ. நான் உழைக்கிறது அதிலும் குறைவு."

அன்ரியின் முகம் கறுத்தது. "அப்ப ஏன் மகன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வீட்டில சும்மா இருக்கிறான் எண்டு ஆக்கள் சொல்லுவினம் எண்டுதான், அன்ரி."

எனக்கு இரண்டு வாங்கு பின்னால் உட்கார்ந்திருந்த செல்வா அங்கிள் எழும்பினார். வெள்ளவத்தையில் பழைய வீடுகளை கொந்தராத்து எடுத்துத் திருத்துகிறவர். "அட தம்பி! பிளான் கீற ஒரு ஆளைத் தாரும் எண்டு நாலு மாசமா இதே கூட்டத்தில ஜெபம் கேக்கிறன். நீர் பெரிய வெளிநாட்டு ஆள், என்னட்டை வருவீரோ எண்டு விட்டிட்டன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். அந்த விண்ணப்பத்துக்கு நானும் ஆமென் சொன்னவன். அங்கிளிடம் போய் வேலை கேட்க என் பொய்ச் சாட்சி விடவில்லை.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் அங்கிளோடு. மற்ற நாள்களில் பழைய வேலைதான். களைப்பு முழுக்கப் போகவில்லை. ஷாமினி கடையை விடாமல் சனிக்கிழமைகளில் அளவெடுக்க வருகிறாள், கூலிக்குத்தான்.

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் சமையல் குசினிக்குள் நின்றேன். நான் கீறின யன்னலால் கடல் காற்று வந்தது. "ஆர் இதை இங்க வைச்சது?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். "நான்தான்" என்றேன். இரண்டு வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

கர்த்தருக்குத் தோத்திரம். உங்களில் யாராவது வீட்டுக்குள் இருந்து களைத்துப்போயிருந்தால், உள்ளதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு எழும்பி எங்களிடமும் சொல்லுங்கள். பதில் இரண்டு வாங்கு பின்னால் இருந்துகொண்டு உங்களுக்காகக் காத்திருக்கலாம்.