இடது கைக்கு ஒரு வீணை: திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு சனிக்கிழமை

காலாண்டு லீவுக்குத் திருவாரூரில் அம்மா வீட்டில் இருந்தோம், நானும் மகள் மீனுவும். வந்த மூன்றாம் நாள் தஞ்சாவூர் வீணைப் பட்டறையிலிருந்து போன். "நீங்க விசாரிச்சிருந்தீங்களே, இடது கை வீணை. கனடாவுக்கு ஒண்ணு செஞ்சு முடிச்சிருக்கோம். சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் பார்சல் வண்டி வந்துரும். அதுக்குள்ள பாப்பாவைக் கூட்டிட்டு வந்தா உக்கார வச்சுப் பாக்கலாம்."

மீனுவுக்கு ஆறு வயது. சாப்பிடுவது, எழுதுவது, என் கன்னத்தைக் கிள்ளுவது எல்லாம் இடது கைதான். ஜூனில் சென்னையில் எங்கள் அபார்ட்மெண்ட் பக்கத்து வீணை வகுப்பில் சேர்த்தேன். டீச்சர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் ஒரே பிடியாக நின்றார்: "வலது கையால மீட்டினாத்தான் நான் சொல்லித்தர முடியும். மாத்திக்க இதுதான் வயசு." மூன்று வாரம் போனாள். நான்காவது வாரத்திலிருந்து புதன்கிழமை ஆனால் வயிற்றுவலி. நிறுத்திவிட்டோம். "வீணை வேணுமா வேண்டாமா?" என்று கேட்டால் "வேணும்" என்பாள். "அப்புறம் ஏன் போக மாட்டேங்கிற?" என்றால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

எனக்கும் பிறந்ததிலிருந்து இடது கைதான். ஒன்றாம் வகுப்பில் மாற்றிவிட்டார்கள். இப்போது வலது கையால்தான் எழுதுகிறேன், கையெழுத்தும் மோசமில்லை. அதனால் குழப்பம் இரண்டு மடங்கு. மீனுவையும் பழக்கிவிடலாமா, அவளுக்கென்று தனியாக ஒரு வீணை செய்யச் சொல்லலாமா? இதை முடிவு செய்யத்தான் இந்தப் பயணம். மற்றபடி பெரிய கோயிலைக்கூட நாங்கள் காரிலிருந்துதான் பார்த்தோம். கோயில் விவரம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ் அடிக்கடி இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. எனக்குக் குழந்தையோடு பஸ் என்றாலே வாந்தி, வெயில், பாத்ரூம் என்று கவலை வரிசை கட்டி நிற்கும். போகவர 2,600 ரூபாய், காத்திருப்பு உட்பட என்று கார் பேசினேன். பையில் இரண்டு செட் துணி, சுடுதண்ணீர் பிளாஸ்க், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர். "தஞ்சாவூர் போறியா, தண்டகாரண்யம் போறியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஒரு குடையையும் சொருகினாள்.

எட்டரைக்குக் கிளம்பினோம். டிரைவர் ஆரோக்கியராஜ், நாற்பது வயதிருக்கும், கொரடாச்சேரிப் பக்கம் ஊர். குறுவை அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே மேகம் கறுத்திருந்ததால் தார்ப்பாயும் கையுமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் நெல்லின் மேல் ஏற்றாமல் வளைந்து வளைந்து ஓட்டினார். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் அவர் கதை தொடங்கிவிட்டது.

"நானும் வாத்தியக்காரன்தாங்க. எங்க கோயில் பேண்டு செட்டுல டிரம்பெட். தேர் பவனின்னா நம்ம சத்தம்தான் முன்னால போகும்."

"இப்பவும் வாசிக்கிறீங்களா?"

கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. "பைக்குல விழுந்து போச்சுங்க. கட்டுப்பல்லு வச்சு ஊதிப் பாத்தேன். பவனி நடுவுல பல்லு தனியா வந்து நிக்குது! ஃபாதரே சிரிச்சிட்டாரு. இப்ப பெரிய டிரம்மு. அடிக்கிறதுக்குப் பல்லு வேணாம் பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உதட்டுல வச்சதும் ஒரு நடுக்கம் இருக்கும்ங்க, மண்டை வரைக்கும். அது டிரம்முல கெடைக்காது" என்றார்.

மீனுவின் விஷயத்தையும் சொன்னேன். "எங்க செட்டுல ஒருத்தன் ரெண்டு குச்சியையும் மாத்தித்தான் பிடிப்பான். ரோட்டுல நிக்கிறவங்களுக்கு என்னங்க தெரியும்? சத்தம் ஒண்ணுதானே?"

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் கணக்கில் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிகள் நடுவே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்றார், ஒரு கட்டு இருபது ரூபாய். மூடிய கேட்டைப் பார்த்து நான் இரண்டு மணிப் பார்சலை நினைத்துப் பதறிக்கொண்டிருந்தேன். மீனு மூன்று பிஞ்சு தின்று முடித்தாள்.

பட்டறை சிவகங்கைப் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சிறிய தெருவில். பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயர் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். "தை வரைக்கும் ஆர்டர் கெடக்குதும்மா. நீங்க வேற எழுதிவிட்டுட்டா போனை எடுக்கவே ஒரு ஆள் போடணும்." ஆகவே அவர்களை ராஜேந்திரன், அவர் மனைவி அமுதா, அமுதாவின் தம்பி பாலு என்று வைத்துக்கொள்வோம். ராஜேந்திரன் மரவேலை. பாலு மேளம் கட்டுபவர். இது கல்யாண மேளம் இல்லை. வீணையின் கழுத்தில் கறுத்த மெழுகைச் சூடாக்கிப் படிய வைத்து, அதன் மேல் இருபத்துநான்கு உலோக மெட்டுகளையும் சுருதி பார்த்துப் பதிப்பதை அப்படிச் சொல்கிறார்கள். கணக்கு, போன், வெளிநாட்டுப் பார்சல், வருகிறவர்களுக்குக் காபி, எல்லோரையும் அதட்டுவது, இவை அமுதா.

உள்ளே பலாமர வாசனை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த மரங்கள் குடமாகப் பாதி குடைந்து கிடந்தன. உளி இறங்கும்போது மஞ்சள் சுருள்கள் தெறித்து விழும். நடுவில் பாயில், மெருகு போட்டு முடித்த கனடா வீணை. முதல் பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிறகுதான், கண்ணாடியில் தெரியும் வீணையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. குடம் இடப்பக்கம், யாளி முகம் வலப்பக்கம்.

"தந்தியை மட்டும் மாத்திக் கட்டினா ஆகாதா?" என்று கேட்டேன். சென்னையிலிருந்து என் கணவர் கேட்கச் சொன்ன கேள்வி.

"ஆகாதும்மா. பக்கத்துல ஓடுற தாளத் தந்தி மூணும் எதிர்ப்பக்கம் வரணும். தந்தியைத் தாங்குற குதிரை மேல இருக்கிற தகட்டை அதுக்கேத்த சாய்மானத்துல ராவணும். பிருடையெல்லாம் மாறணும்" என்றார் ராஜேந்திரன். பிருடை என்பது தந்தியை முறுக்கும் ஆணி. "மரத்துல கை வைக்கும்போதே முடிவு பண்ணிடணும். பாதியில மாத்த முடியாது."

பாதியில் மாற்ற முடியாது என்றால் இன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும்.

அதற்குள் மீனு மரச்சுருள்களைக் காதில் மாட்டி, கொலுசாகக் காலில் சுற்றி, தலையில் கிரீடமாக வைத்து, பட்டறையையே வலம் வந்துகொண்டிருந்தாள். "மீனு, வாடா, இந்த வீணையில உக்காரு." வரவில்லை. சாக்லேட் காட்டினேன். சாக்லேட் போயிற்று, அவள் வரவில்லை. மணி பன்னிரண்டு.

"விடுங்கக்கா. இடது கை வீணையே தேவையில்ல" என்றார் பாலு. "வீணையில வலது கை என்ன பண்ணுது? தட்டுது, அவ்வளவுதான். மெட்டைப் பிடிக்கிறது, தந்தியை இழுக்கிறது, வளைக்கிறது, பாட வைக்கிறது எல்லாம் இடது கை. இடது கைப் புள்ளைக்குச் சாதா வீணைதான் லாபம்."

"தட்டுதாம்ல! நீ வலது கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு வாசியேன், கேப்போம்" என்றார் அமுதா.

"அக்கா, மேளம் கட்டுறவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"கட்டுறவன் நீ. வாசிக்கப் போறது அந்தப் புள்ள."

ராஜேந்திரன் உளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்தச் சண்டை கனடாக்காரங்க ஆர்டர் குடுத்த நாள்லேர்ந்து ஓடுதும்மா" என்றார்.

பாலு ஒரு சாதாரண வீணையை என் முன் நகர்த்தினார். "நீங்க கத்துக்கிட்டவங்கதானே, உக்காருங்க, தெரியும்." நானும் வீணை கற்றவள் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். தொட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். காலை மடக்கி, வீணையின் கழுத்தைத் தொடை மேல் சாய்த்து, எதையோ மீட்டிவிட்டு இடது விரல்களால் தந்தியை இழுத்தேன். ஸ்வரம் வளைந்து மேலே ஏறியது.

பள்ளியில் வியாழக்கிழமை கடைசிப் பீரியட் வீணை வகுப்பு. ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு இருக்கும். விரலைத் தொட்டுக்கொண்டு வாசிப்போம். இடது ஆள்காட்டி விரலில் தந்தி பதிந்த கோடு இரவு வரை இருக்கும். வாரம் முழுக்க "அந்தக் கையை எடு" என்று கேட்ட கைக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் "நல்லா இழு, இன்னும் இழு" என்று சொல்வார்கள். அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

பாலு சொன்னது சரி என்று தோன்றிவிட்டது. எனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கும். டீச்சர் பிரச்சினையும் தீரும். வாசலுக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். "சாதா வீணையே போதும்னு நினைக்கிறேன்." மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது.

திரும்பி உள்ளே வந்தபோது மணி ஒன்று பத்து. அமுதா, "ஏய் கிரீடம், முடியெல்லாம் மரத்தூளு. வா, சடை பின்னி விடறேன்" என்று மீனுவைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்திருந்தார். எதிரே கனடா வீணை. சடை பின்னும்போது எந்தக் குழந்தையும் அசைய முடியாதே! கை சும்மா இருக்குமா? இடது கை தானாகப் போய்க் குடத்தின் மேல் படுத்துக்கொண்டது. ஒரு தந்தியைத் தொட்டாள். இன்னொரு முறை. பிறகு விட்டு விட்டு, நிதானமாக, ஒவ்வொரு சத்தமும் முழுசாக அடங்கிய பிறகு அடுத்தது. வலது கை தேடிப் போய் ஒரு மெட்டில் உட்கார்ந்தது. அமுதா பின்னி முடித்து ரப்பர் பேண்டும் போட்டுவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

பாலு பொறுக்க முடியாமல், "அதையும் பாத்துரலாம்" என்று சாதாரண வீணையை அவள் முன் வைத்தார். இங்கேயும் இடது கைதான் மீட்டப் போனது. "அந்தக் கை இல்ல பாப்பா, இந்தக் கை" என்றார், அன்பாகத்தான். மீனு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, வீணையை என் பக்கம் லேசாகத் தள்ளினாள்.

"இது உன்னுதும்மா. நீ வாசி. எனக்கு அது."

என் இடது கை, துரத்தப்பட்ட பிறகு ஒரு நல்ல இடம் தேடிக்கொண்டது. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் டீச்சர் மாற்றச் சொல்லியும் அவள் கை இன்னும் தன் இடத்தை விட்டுப் போகவில்லையே. நல்ல இடம் தேடித் தருகிறேன் என்று நானே துரத்துவானேன்?

மறுபடி வாசலுக்குப் போய் மறுபடி போன். "இடது கை வீணைதான் சொல்லப் போறேன்."

"இப்பதானே..."

"ஆமா. இப்ப மாத்திட்டேன்."

"டீச்சர்?"

"தேடணும். கிடைக்கிற வரைக்கும் தேடணும்." அவர், "சரி, அவ வாசிச்சதை ரெக்கார்ட் பண்ணியா?" என்றார். இல்லை. அதுவும் ஒரு வருத்தம்தான்.

ராஜேந்திரன் ஒரு நூலை எடுத்து மீனுவின் வலது கையை நீட்டச் சொல்லி அளந்தார். வளையல்காரர் அளவு கேட்கிற மாதிரி சாதாரணமாக, "இதுதானே மெட்டுப் பிடிக்கிற கை?" என்று அவளிடமே கேட்டார். அவள் தலையாட்டினாள். பாலு, "தோத்துட்டேன் பாப்பா. ஆனா மேளம் நான்தான் கட்டுவேன்" என்றார். மீனு மறுபடி கனடா வீணையில் போய் உட்கார்ந்தாள். பார்சல் வண்டி இரண்டுக்கே வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அமுதா வெளியே போய், "புள்ள வாசிக்குது, அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணு" என்று சொன்னதில் அது இரண்டே கால் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இந்தப் பதிவில் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. முன்பின் தெரியாத கனடாக்காரருக்கும் சேர்த்து.

சாப்பிடாமல் பசியோடு வந்த எங்களுக்கு ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு, தலைக்கு 110 ரூபாய். ஆரோக்கியராஜ் எங்களோடு உட்கார மறுத்துப் பிறகு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பாவோட மொதல் பவனிக்கு என்னைக் கூப்பிடுங்க, டிரம்மு நானு" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் போன் செய்து, குழந்தையையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கூர்மையான உளிகள் தரையிலேயே இருக்கும். காலையில் போவது நல்லது, ஞாயிறு பெரும்பாலும் லீவு. சிறுவர்களுக்குச் சின்ன அளவில் செய்கிறார்கள். மரமும் வேலைப்பாடும் பார்த்து விலை மாறும் என்பதால் நேரில் கேட்பதே நல்லது. செய்து முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் சொன்னார்கள். வீணையைக் காரில் எடுத்துவந்தால் வெயிலில் பூட்டி வைக்காதீர்கள். மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும், மறுபடி மேளம் கட்ட வேண்டும். இடது கைக் குழந்தை என்றால் அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம். சாதாரண வீணையே பிடித்துப்போகிற இடது கைக் குழந்தைகளும் இருப்பார்கள், பாலு சொன்னதில் தப்பில்லை. இரண்டிலும் உட்கார வையுங்கள். நான் கெஞ்சியதுபோல் கெஞ்சாதீர்கள். சடை பின்னுங்கள்.

திரும்பும்போது அம்மாபேட்டை தாண்டி மழை பிடித்துக்கொண்டது. தெர்மாமீட்டர் பையிலேயே இருந்தது. பின் சீட்டில் மீனு என் கையை இழுத்துத் தன் மடியில் குறுக்கே போட்டுக்கொண்டாள். வலது விரல்கள் என் மணிக்கட்டில் மெட்டுத் தேட, இடது கை முழங்கைப் பக்கம் மீட்டிக்கொண்டே வந்தது. வீணை பொங்கலுக்குப் பிறகுதான் வரும். அதுவரை இதுதான். கை மரத்துப்போயும் நான் எடுக்கவில்லை.