பின் சீட்டில் மூடியிருந்த கண்ணாடி

இதை இத்தனை வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் கூலித் தகராறு முற்றியிருந்த காலம். திருவாரூரில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி நானே மாட்டினேன். இடுக்கில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாக வாங்கச் சோம்பல்பட்டு, நைந்துபோன பழையதையே வைத்து முடுக்கிவிட்டேன்.

மறுநாள் நல்ல மழை. பஸ்ஸைத் தவறவிட்ட அஞ்சலையம்மா என் காரில் ஏறினார். தாலுகா ஆபீஸில் மிராசுதார்களோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் நடவுப் பெண்களுக்காகப் பேச வேண்டியவர் அவர்தான்.

பாதி வழியில், "தம்பி, தலைய சுத்துது. கண்ணாடிய எறக்கிக்கவா?" என்றார்.

"சீட்டு நனைஞ்சிடும்மா. கார்ல போய்ப் பழக்கமில்லல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன். திருப்பங்களில் கைகாட்டுவதற்காக என் பக்கக் கண்ணாடி மட்டும் இறங்கியே இருந்தது.

பிறகு அவர் பேசவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். ஆபீஸ் வாசலில் கதவைத் திறந்தபோது நிற்க முடியாமல் சரிந்தார். ஆஸ்பத்திரியில் மாலையில்தான் தெளிந்தார். அதற்குள் பெண்களின் கூலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

"அதிகாரிங்களப் பாத்ததும் பயந்து மயங்கிடுச்சு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மேனிஃபோல்டு இடுக்கில் கரி படிந்திருந்ததை நான் மறுநாளே பார்த்தேன். அங்கே கசிந்த புகைதான் காருக்குள் வந்திருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தான் பயந்துதான் விழுந்தோம் என்று நம்பியே அஞ்சலையம்மா காலமானார்.

இப்போதெல்லாம் மேனிஃபோல்டு மாட்டினால் புது கேஸ்கட்தான். இன்ஜின் சூடாகி ஆறியதும் நட்டுகளை இன்னொரு முறை முடுக்குகிறேன். பின்னால் இருப்பவர் தலை சுற்றுகிறது என்றால் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன்.