பதினொன்றாம் நிமிடம்

கணக்கு டீச்சருக்கு வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் புதிதாக வாங்கிய செயலி, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை எங்கே நிறுத்தி, எத்தனை முறை திருப்பிப் பார்க்கிறது என்று கோள் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரின் இருபடிச் சமன்பாட்டு வீடியோவில் பதினொன்றாம் நிமிடத்தை நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஐந்தாறு முறை திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

தலைமையாசிரியை குரலை உயர்த்தவில்லை. "புரியாமத்தானே டீச்சர் திருப்பிப் பாக்கறாங்க? திங்கட்கிழமைக்குள்ள என்னன்னு பாருங்க. இல்லேன்னா அந்த ஆப் கம்பெனி வீடியோவையே போட்டுடலாம்."

இருபத்துமூன்று வருடம் பாடம் நடத்தியவர் இனி கம்பெனி வீடியோவுக்குத் திரையை ஏற்றி இறக்கப் போகிறாரா?

சனிக்கிழமை முழுக்கப் பார்த்தார். புடவை விலகவில்லை, எண் பிசகவில்லை, விக்கல்கூட இல்லை. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி ஓட்டினார். அவர் திருப்பிப் பார்த்ததும் செயலியின் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மகள் தையல் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். துணியில் ஓர் அங்குலம் வீணாக்காமல் வெட்டுகிறவள். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அதுவும் அம்மாவின் வகுப்பிலேயே உட்கார்ந்து. அப்போது டீச்சர் அவளை மரமண்டை என்று சொல்லியிருக்கிறார், அதுவும் நாலு பேர் முன்னால். அதற்குப்பின் வீட்டில் கணக்குப் பேச்சே கிடையாது.

மகள் ஒரே ஒரு முறை பார்த்தாள்.

"நீ ஏழு எக்ஸை அழிச்சுட்டு அதே எடத்துல மூணு எக்ஸ், நாலு எக்ஸ்னு எழுதறே. ஏழு எங்க போச்சுன்னு தேடித்தாம்மா திருப்பறாங்க." பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப வகுப்புல எங்களுக்குத் திருப்ப வழியில்ல."

டீச்சரின் வலது கை எழுதும்போதே இடது கை அழிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் ஒரே பலகையை இரண்டு வகுப்புகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அரைப் பலகையில் படிந்த பழக்கம். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை பிள்ளைகள் அந்த ஏழு எக்ஸைத் தேடினார்களோ, அத்தனை பேரையும் கவனமில்லாதவர்கள் என்று திட்டியாயிற்று. டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, அதைவிட வெட்கம்.

ஞாயிறு காலை கூடத்துச் சுவரில் பலகையைச் சாய்த்தார். மகள் எதிரே உட்கார்ந்து போனைப் பிடித்தாள். பாதிக் கணக்கில் இடது கை தானாக எழுந்தது. டீச்சர் துடைப்பானை மகளின் மடியில் வீசிவிட்டு, ஏழு எக்ஸை அப்படியே விட்டு, அடுத்த வரியில் அதைப் பிரித்து எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரி, இன்னொன்று. பலகை நிறைந்துபோயிற்று. கடைசியில் விடை.

போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. மகள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இவ்வளவுதானாம்மா இது?"

திங்கட்கிழமை அந்தக் கேள்வியோடேயே வீடியோ பள்ளிக்குப் போனது.