முதல் பத்து அடி

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்; ஆளைப் பார்ப்பதற்குத்தான் வருஷங்கள் ஆகும். எங்கள் டாக்டரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் படுக்கையில் இருந்தார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வாசல்வரை போனேன். “இருப்பா. திரும்பி வந்து உக்காந்து, இன்னொரு தரம் எழுந்து நட, பாக்கலாம்” என்றார். என் வலது குதிகாலைக் கவனித்திருக்கிறார். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, பல் விளக்கி முடிப்பதற்குள் அதை மறந்துவிடுகிற என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காத்திருக்க வைப்பது

டிஸ்பென்சரி பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. கால்வலி என்று வருகிறவரை உடனே உள்ளே விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பிறகு கூப்பிட வேண்டும். கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் தடித்த குதிகால் நரம்பு வீங்கத் தொடங்கியிருந்தால், உட்கார்ந்து எழுந்த முதல் பத்து அடியில் தெரியும். நடக்க நடக்க மறைந்துவிடும். காரணத்தைச் சொன்னால் ஆள் ஜாக்கிரதையாக நடப்பார். ஆகவே யாரிடமும் சொல்லக் கூடாது. ஏச்சு முழுவதும் எனக்கு. நெசவாளர் ஏகாம்பரம் முதல்முறை வந்த அன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டாக்டரு சும்மா பேப்பர் படிச்சிக்கினு இருக்கறாரு. நான் இன்னா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி இங்க குந்திக்கினு இருக்கறேன்?”

கிள்ளிப் பார்ப்பது

கூப்பிட்டதும் எழுந்தவர் இடது குதிகாலை ஊன்றாமல் ஆறேழு அடி நொண்டினார். டாக்டர் மேஜையை அடைவதற்குள் நேராகிவிட்டார். சேலையில் பூவேலை நெய்வதற்குப் புதிதாக ஜக்கார்டு பெட்டி வைத்த தறி அவருடையது. அதன் மிதி கனம். நாளெல்லாம் இடது முன்பாதத்தால் அமுக்குகிறார்.

டாக்டர் குதிகாலுக்கு மூன்று விரல் மேலே இரண்டு விரலால் கிள்ளினார். ஏகாம்பரம் துள்ளினார். வலது காலில் அதே கிள்ளு உறைக்கவில்லை. டாக்டர் என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடது நரம்பு தடித்திருந்தது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் புதுச் செருப்பு போல உள்ளே நறநறத்தது. “ஆளாளுக்குப் புடிச்சிப் பாக்கறீங்களே, மாட்டுச் சந்தைக்கா வந்தீங்க?” என்றார் ஏகாம்பரம்.

வீட்டில்

அன்று வீட்டுக்குப் போய், அப்போது உயிரோடிருந்த என் மனைவியின் இரண்டு குதிகால்களையும் கிள்ளி ஒப்பிட்டேன். கல்யாணத்தன்று மெட்டி போட்டதற்குப் பிறகு அவள் காலை நான் தொட்டது அன்றுதான். “எதிர்வூட்டுக்காரி பாத்தா, எதுக்கோ மன்னிப்பு கேக்கறீங்கன்னு நெனச்சிப்பா” என்றாள்.

தண்டின் கீழ் ஓர் இடம்

மூன்று மாதம் மிதியை வலது காலுக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். ஏகாம்பரம் ஒப்புக்கொண்டார். இந்த வருஷம் சாமி தூக்கக் கூடாது என்றதும் முகம் மாறியது. வாகனத் தண்டின் கீழ் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு திருவிழாவுக்கு அங்கே வேறொருவர் தோள் கொடுத்துவிட்டால் அது பிறகு அவருடையதுதான். ஏகாம்பரத்தின் இடம் அவர் அப்பா நின்றது.

“நரம்பு அறுந்தா தறிக்கும் கால் இருக்காதுப்பா” என்றார் டாக்டர்.

“அறுந்தா பாத்துக்கலாம் சார். எம் மச்சான் இப்பவே தோள்ல எண்ணெ தடவிக்கினு நிக்கறான்.”

நான் செய்த தவறு

திருவிழாவுக்கு முதல் நாள் காலை மறுபடி வந்தார். டாக்டர் சரியென்றால்தான் தூக்குவது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். பெஞ்சு நிறையக் காய்ச்சல்காரர்கள். அவர் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. முறை வந்ததும் நேரே உள்ளே அனுப்பினேன். நன்றாக நடந்தார். கிள்ளியபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் அரைமனதாகத் தலையசைத்தார்.

மறுநாள் தெருமுனையில் வாகனத்தைத் திருப்புவதற்காக எல்லோரும் முன்பாதத்தில் எழும்பினார்கள். ‘டப்’பென்று ஒரு சத்தம், ஓரமாக நின்ற எனக்கே கேட்டது. அந்த நரம்பு அறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருக்குமாம். ஏகாம்பரத்தை இழுத்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மைத்துனர் தண்டுக்குக் கீழே புகுந்துவிட்டார். ஏகாம்பரம் பின்வரிசைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்: “எவன்டா என்ன ஒதச்சது?”

கட்டுப் போட்ட பிறகு

பார்க்கப் போனபோது, “அன்னிக்கு உங்கள உக்கார வெச்சிருக்கணும்” என்றேன்.

“நடந்தா வலி தெரியாதுன்னு எனக்கும் தெரியும்பா, கம்பவுண்டரே. நாலு தெரு சுத்திட்டு வந்து, உக்காராமதான் நின்னேன்” என்றார்.

சாமி தூக்கும் இடம் மைத்துனருக்கும், தறியின் மிதி வலது காலுக்கும் போன பிறகு ஏகாம்பரத்திடம் மிஞ்சியது, வலதைவிட இரண்டு விரற்கடை சிறுத்த ஓர் இடது கெண்டைக்கால்.