சித்தப்பாவின் புதுக்காப்பு

எங்கள் சித்தப்பா வருடத்தில் எட்டு நாள்தான் நல்லவர். இது அம்மா சொல்வது. பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதிலிருந்து அதை அவிழ்க்கிற வரை எங்கள் ஊரில் எவனும் குடிக்க மாட்டான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கும்போது சரக்கைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்திவிடும் என்ற பயம். அந்த எட்டு நாளும் சித்தப்பா தன் குட்டியானை லோடு வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்துப் பரளச்சி வரை கூட்டிப்போவார், பாடுவார், சேவு வாங்கித் தருவார். ஒன்பதாம் நாள் காப்பு அவிழ்ந்ததோ இல்லையோ, ஆள் பந்தல்குடி ரோட்டுச் சாராயக்கடைக்குப் போய்விடுவார். முந்தின வருடம் அப்படிப் போனவர் கரிமூட்டை லோடோடு வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டார். நல்லவேளை, எங்கள் கண்மாயில் என்றைக்குத் தண்ணீர் இருந்தது! ஆனால் அடுத்த முறை எதிரே லாரி வந்தால்? எட்டு வயசில் எனக்கு இருந்த ஒரே பெரிய பயம் அதுதான்.

அக்கா அப்போது பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்துப் போதை ஒழிப்பு மன்றத்துக்குத் தலைவி. அந்தப் பதவியால் கிடைத்தது ஒரு பேட்ஜும், ஊர்வலத்தில் பேனர் பிடிக்கிற வேலையும்தான். அவளுக்கு அது போதவில்லை. முளைப்பாரி போடுகிற பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து எட்டு நாளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் துரத்திவிட்டாள்.

ஒன்பதாம் நாள், டேங்கர் லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி முளைப்பாரியைக் கரைத்தாயிற்று. பூசாரி காப்பவிழ்க்க உட்கார்ந்தார். அக்கா மஞ்சள் தோய்த்த நூற்கண்டோடு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தோழிகள்.

"காப்ப அவுக்காம விட்டா தெய்வக் குத்தமாயிரும் தாயி" என்று, அவள் தடுக்க வந்ததாக நினைத்துப் பதறினார் பூசாரி.

"அம்மன் காப்ப நீங்க அவுத்துருங்க. அவுத்த கையில எங்க காப்ப நாங்க கட்டுறோம், அடுத்த பங்குனிப் பொங்க வரைக்கும். குடிக்க மாட்டேன்னு கட்டிக்கிட யாரு வாரீக?"

இளவட்டங்கள் எல்லாரும் தரையில் எதையோ தொலைத்தவர்களாகக் குனிந்து நின்றார்கள். அக்கா நூற்கண்டை நீட்டியபடியே நின்றாள். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று எனக்கு அழுகை முட்டியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளையா நான்?

"எங்க சித்தப்பா கட்டிக்கிடுவாக!" என்று கத்திவிட்டேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தப்பா பார்த்த பார்வையிலேயே இனி நமக்குச் சேவு கிடையாது என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அத்தனை பெண்பிள்ளைகள் முன்னால் பின்வாங்க முடியுமா? வந்து கையை நீட்டினார். "ஏலே, அவனே கட்டிட்டான், நமக்கென்ன" என்று பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

சித்தப்பாவுக்குக் கரி லோடு ஏற்றுகிற கை. எந்தக் கயிறும் ரெண்டே நாளில் கறுத்துவிடும். ஆனால் வாரம் பத்து நாளுக்கொரு முறை, திடீரென்று ஒரு காலையில் அது பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அக்கா கொடுக்கிற பரிசு என்று நினைத்துக்கொண்டேன். குழாயடியில் நின்று, "எங்க சித்தப்பாவுக்கு இன்னைக்கும் புதுக்காப்பு!" என்று ஊருக்கே அறிவிப்பேன். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா வந்து என் காதைத் திருகி இழுத்துப்போவாள். நல்லதைச் சொன்னாலும் அடியா என்று எனக்குக் கோபமாக வரும்.

நான் காலேஜுக்குப் போன பிறகுதான் அக்கா சொன்னாள். அவளும் தோழிகளும் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. குடித்தவன் விடிந்ததும் தானே வந்து ஒத்துக்கொண்டு, பழைய கயிற்றை அறுத்துவிட்டுப் புதுசு கட்டிக்கொள்ள வேண்டும். அவனை யாரும் ஏசக் கூடாது, வெளியேயும் சொல்லக் கூடாது. வெளியே சொல்கிற வேலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன்!

காப்புக் கட்டிய அந்த வருடம் ஐப்பசிக்குப் பிறகு புதுக்காப்பு வருவது நின்றுபோயிற்று. தை பிறந்தபோது சித்தப்பாவின் கையில் கிடந்த கயிறு கன்னங்கரேலென்று நார்நாராகத் தொங்கியது. எனக்கு மனசு தாங்கவில்லை. நூற்கண்டைத் தேடி எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"பாவம்க்கா சித்தப்பா. ஒண்ணே ஒண்ணு புதுசாக் கட்டிவிடேன்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்டி. அது அப்படியே கறுத்துக் கெடக்கட்டும்."

இப்படியொரு கஞ்சத் தலைவி எந்த ஊரிலும் இருக்க மாட்டாள் என்று, ரெண்டு நாள் நான் அவளோடு பேசவே இல்லை.