"ஏன்னா" என்றால் யார் வருவது?

என் அகத்துக்காரர் பெயரை நான் சொல்லமாட்டேன். அலிப்பூர்க் கச்சேரியில் போய், மதராஸ் பக்கத்திலிருந்து வந்த, வாயே திறக்காத குமாஸ்தா யார் என்று கேளுங்கள், சொல்வார்கள். கல்கத்தாவுக்கு வந்த நாளாக எனக்கு வாய்த்த பேச்சுத்துணை அந்த மனுஷர் ஒருவர்தான். சமையலறையிலிருந்து "ஏன்னா!" என்று தொண்டை வறளக் கூப்பிடுவேன். கூடத்தில் பத்திரிகை புரளும் சத்தம்தான் பதில். சுபாவமே அப்படி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சுபாவமாவது, மண்ணாவது! ராணி வந்த பிறகல்லவா லட்சணம் தெரிந்தது.

பெஹாலாவில் ஒரு வங்காளி பாபு, நாதியற்ற பிராணிகளையெல்லாம் தம் தோட்டத்தில் வைத்துச் சோறு போடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போன இவர் கயிறும் கையுமாகத் திரும்பினார். கயிற்றின் மறுமுனையில் ஒரு பெட்டை நாய். குட்டிகூட இல்லை, முழுசாக வளர்ந்தது. காது துரை வீட்டு நாயின் காது, வால் தெருநாயின் வால்.

"இது என்ன கூத்து? மடி ஆசாரம் ஒண்ணும் வேண்டாமா?" என்றேன்.

"பாவம், வளத்தவா விட்டுட்டுப் போயிட்டா. வரவா எல்லாரும் குட்டியாப் பாத்து எடுத்துண்டு போறா. இதைச் சீந்துவாரில்லை" என்றார்.

அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் என்னிடம் பேசியதே இல்லை. பேசியதும் நாயைப் பற்றி!

நாங்கள் இருந்தது மாடியில்; அது கீழே முற்றத்தில் குடியேறியது. கச்சேரியிலிருந்து வந்ததும் இவரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். "ராணீ, சாப்பிட்டியா? எம்மேல கோபமா?" என்னை ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டதுண்டா? அனந்தலக்ஷ்மி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதாவது ஞாபகம் உண்டா? வயிறு பற்றி எரிந்தது. சக்களத்தியாக இருந்தாலும் தலைமுடியைப் பிடித்து ஒரு கை பார்த்திருப்பேன். நாயை என்ன செய்ய?

போதாக்குறைக்கு, நான் "ஏன்னா!" என்றால் அவர் அசையமாட்டார், அது தடதடவென்று மாடியேறி வந்து நிற்கும். "போ, சனியனே!" என்றால் வாலை ஆட்டும். ஒருநாள் மடிப்புடவையிலேயே வந்து உரசிவிட்டது.

"இந்தாத்துல அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்காக அந்தக் கண் என்றைக்குக் கலங்கியது? எனக்கு இன்னும் எரிந்தது.

இருவரும் தெருவில் இறங்கியாயிற்று. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குடையோ வீட்டில். ஜன்னலிலிருந்து "ஏன்னா!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. ராணி ஒரே இழுப்பில் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறி வந்து என் காலடியில் நின்றது.

கீழ்வீட்டு சாருபாலா பின்னாலேயே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "நாள் முழுக்க 'ஆய் நா, ஆய் நா' என்று கொஞ்சினால் வராமல் என்ன செய்யும், தீதி?"

வங்காளியில் 'தீதி' என்றால் அக்கா; 'ஆய் நா' என்றால் 'வாயேன்' என்று அர்த்தமாம். அது வங்காளி வீட்டில் வளர்ந்த நாய். நான் புருஷனைக் கூப்பிட்டதெல்லாம் அதன் காதில் அப்படி விழுந்திருக்கிறது. இந்த வீட்டில் என் குரலுக்கு ஓடிவந்த ஒரே ஜீவனையா துரத்தப் பார்த்தேன்!

இவர் மூச்சிரைக்க வந்தார். "ராணீ, வா!" அது என் தலைப்பில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"சாதம் போடறது நான். உங்கிட்ட ஏன் வரது?" என்றார்.

"கூப்பிட்டா வரது. சில பேர் மாதிரியா? கயித்தை அவுத்துவிடுங்கோ."

இப்போதெல்லாம் நான் "ஏன்னா!" என்று வாயெடுத்தால் போதும், ராணியை முந்திக்கொண்டு அவர் வந்து நிற்கிறார். "என்ன வேணும்?" என்பார், கண் மட்டும் மாடிப்படியில். எனக்காகவா வருகிறார்? அது என்னிடம் ஒட்டிக்கொண்டுவிடுமே என்று வருகிறார்.

தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.