எங்கே இருக்கிறது அந்தக் கொட்டகை?

ஓர்வொக்கியின் கணவன் ரௌனோ அவளை விட்டுப் போனபோது காரையும் எடுத்துக்கொண்டு போனான். ஆள் போனதைவிடக் கார் போனதுதான் முதலில் உறைத்தது என்று அவளே சொல்வாள். தெற்கே கொவொலா நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. கார் இல்லாத முதல் சனிக்கிழமை, வீட்டில் இருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார். "இது எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும்" என்றாள்.

கடைசி நிறுத்தத்தில் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கும் திறந்திருந்த ஒரு காபிக் கடையும் இருந்தன. காபி குடித்தாள், ஏலக்காய் பன் ஒன்று தின்றாள், அதே பஸ்ஸில் திரும்பினாள். மறுநாள் அதை அப்படியே எழுதி இணையத்தில் போட்டாள். 'கடைசி நிறுத்தம்' என்ற வலைப்பூ பிறந்த கதை இவ்வளவுதான். பாரிஸும் ரோமும் அவளுக்கு வேண்டாம். பஸ் எங்கே திரும்புகிறதோ அங்கே இறங்குவாள், சுற்றிப் பார்ப்பாள், காபி குடிப்பாள், எழுதுவாள்.

"பெட்ரோல் பங்க்கு பத்தி எழுதியிருக்கே. அதுவும் மூடின பங்க்கு!" என்று அவள் அக்கா ஹெல்வி போனில் சிரித்தாள். "யாருடி இதைப் படிப்பாங்க?"

"நீ படிச்சிட்டுத்தானே பேசறே?"

"நான் கூடப் பிறந்த பாவத்துக்குப் படிக்கிறேன்."

படித்தார்கள். ஒன்று, பத்து, பிறகு சில நூறு பேர். எங்கள் நாட்டு ஆட்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஏதோ தண்டனை கிடைத்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஜாதி. அதே ஆளுக்கு ஒரு பின்னூட்டப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள், வாய் ஓயாது. 'ஓய்வுபெற்ற லாரி' என்ற பெயரில் எழுதுகிற ஔலு நகரத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு பதிவிலும் காபியின் தரத்தைத் திருத்துவார். அந்தக் கடையில் காபி நன்றாக இருந்தது என்று ஓர்வொக்கி எழுதினால், "அது எழுபத்தெட்டோட முடிஞ்சுபோச்சும்மா" என்பார். அவள் எல்லோருக்கும் பதில் எழுதினாள். ஒருவரையும் விட்டதில்லை.

எல்லோருக்கும் முந்திக்கொண்டு வருகிற பின்னூட்டம் மட்டும் எப்போதும் தைமியுடையது. தைமி வடக்கே, லாப்லாந்தில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் தனியாக இருப்பவள். அவள் எழுதிய முதல் வரி: "எங்க ஊருக்கும் பஸ் வருது. என் வீட்டு வாசல்லதான் திரும்புது." அவ்வளவுதான். வா என்று அழைக்கவில்லை. அழைக்க நான்கு வருடம் ஆனது. அதற்குள் தைமியின் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை, நாய் செத்தது, கணவர் போனபின் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளக்கத் தானே கற்றுக்கொண்டது என்று எல்லாம் ஓர்வொக்கிக்குத் தெரியும். ரௌனோ ஒரு நாள் போன் செய்து காருக்குப் புது டயர் வாங்கப் பாதிப் பணம் கேட்டதைத் தைமிக்கு மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள், "வரணும்னா வா" என்று எழுதினாள் தைமி. ஓர்வொக்கி ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போய் இறங்கினாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எழுத்தில் அத்தனை அன்னியோன்னியம், நேரில் இரண்டு மரக்கட்டைகள்! காபி, சௌனா, பொரித்த மீன். பேச்சு அதிகமில்லை.

மறுநாள் காலை தைமி ஒரு பக்கெட்டை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"பூட்ஸ் போட்டுக்கோ. போலாம்."

"எங்கே?"

"கேக்காதே. வா."

ஓர்வொக்கிக்குப் புரிந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஹில்லாப் பழம்! சதுப்பு நிலத்தில், கொசுக்கூட்டத்தின் நடுவே, செடிக்கு ஒன்றே ஒன்றாக மஞ்சளாய்ப் பழுக்கிற அந்தப் பழத்துக்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார்கள். காட்டுப் பழத்தை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பது சட்டம். அதனாலேயே நல்ல பழம் விளையும் இடத்தை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால் "ஏதோ, பக்கெட்டோட அடி நனைஞ்சுது" என்பார்கள். எங்கே என்று கேட்டால் கையை ஏதாவது ஒரு திசையில் வீசுவார்கள், அந்தத் திசையில் நிச்சயம் இருக்காது.

"இது என் வீட்டுக்காரரோட அம்மா எனக்குக் காட்டின எடம்" என்றாள் தைமி, குனிந்து பறித்துக்கொண்டே. "அவங்க பெத்த பிள்ளைங்களுக்குக் காட்டல. எனக்குக் காட்டினாங்க. ஸ்டாக்ஹோம்ல இருக்கான் பாரு என் மகன், அவனுக்கு நானும் இன்னும் காட்டல."

ஓர்வொக்கி நிமிர்ந்து பார்த்தாள். சதுப்பு முழுக்கப் பொன்னாகக் கிடந்தது, தூரத்தில் ஒரு பழைய வைக்கோல் கொட்டகை ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு படம் எடுத்தாள். தைமி பார்த்தாள், தடுக்கவில்லை. சொந்த ஆல்பத்துக்கு என்று நினைத்திருப்பாள் பாவம்.

வீடு திரும்பியதும் ஓர்வொக்கி எழுதினாள். அதுவரை எழுதியதிலேயே நல்ல பதிவு. ஜாக்கிரதையாகத்தான் எழுதினாள்: ஊர் பெயர் இல்லை, பஸ் எண் இல்லை, தைமியின் பெயர்கூட இல்லை. ஆனால் படத்தைப் போட்டாள். தெற்கத்திப் புத்தி! அவளுக்கு அது வெறும் கொட்டகை. வடக்கே வளர்ந்தவனுக்கு ஒரு கொட்டகையின் சாய்மானமும் பின்னால் நிற்கிற மூன்று மரமும் போதும், பக்கெட்டோடு வந்து நிற்பான். அதுவும் பழம் பழுத்துக்கொண்டிருக்கிற வாரத்தில்.

அன்று தைமியின் பின்னூட்டம் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ஓர்வொக்கி நினைத்தாள். சனிக்கிழமை தைமியிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "காட்டுப் பாதை முழுக்கக் கார். உன் படத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தேடறாங்க."

ஓர்வொக்கி உடனே படத்தை நீக்கினாள், பதிவையே தூக்கினாள். என்ன பிரயோஜனம்? அந்தப் பக்கத்து முகநூல் குழு ஒன்றில் யாரோ அதை எடுத்துப் போட்டு, "இந்தக் கொட்டகை எங்கே?" என்று போட்டியே வைத்திருந்தார்கள். தைமிக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாள், பதில் இல்லை. மறுபடி எழுதினாள். அப்போதும் இல்லை.

"ஒரு பழத்துக்கா இத்தனை?" என்றாள் ஹெல்வி.

"பழமாடி விஷயம்? பெத்த பிள்ளைக்குக் காட்டாத எடத்த எனக்குக் காட்டினா. நான் ஊருக்கே படம் போட்டுட்டேன்."

"சரி, பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு எழுதிடு."

"எழுதினா? 'அந்தக் கொட்டகை அங்கேதான் இருக்கு, என்னை மன்னிச்சிடுங்க'ன்னு நானே பலகை நட்ட மாதிரி ஆயிடாது?"

ஓர்வொக்கி எழுதுவதை நிறுத்தினாள். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறினால் தைமி இல்லாத பின்னூட்டப் பெட்டிதான் கண் முன்னால் வந்தது. சீச்சீ, இனி யாருக்காக எழுதுவது என்று வீட்டிலேயே கிடந்தாள். உடம்புக்கு என்ன என்று வாசகர்கள் கேட்டார்கள். முதல்முறையாக அவர்களுக்கு அவள் பதில் எழுதவில்லை. இலையுதிர்காலம் போய், பனி விழுந்து, ஏரி உறைந்து, மறுபடி உருகியது.

மே மாதத்தில் ஓய்வுபெற்ற லாரி எழுதினார்.

"ஏம்மா, யோசிச்சுப் பாத்தேன். போன கோடைல ஒரு பதிவு வந்துது, ரெண்டே நாள்ல காணாமப் போச்சு, நீயும் வாயை மூடிட்டே. ஹில்லாச் சமாச்சாரம்தானே? நீ ஒண்ணும் சொல்லவேணாம். சொல்லவும் கூடாது. அந்தக் கொட்டகைய எனக்கு நல்லாத் தெரியும். அது கூஹ்மோல இருக்கு."

கீழே ஒரு படம். சாய்ந்த கொட்டகைதான், ஆனால் சம்பந்தமே இல்லாத கொட்டகை. பின்னால் ஏரி வேறு தெரிந்தது!

ஓர்வொக்கி திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. "லாரி அண்ணே, புளுகாதீங்க. அது பொசியோவில எங்க சித்தப்பா கொட்டகை. அவரு குடிச்சிட்டுக் கட்டினதாலதான் சாஞ்சிருக்கு." அதற்கும் ஒரு படம். பிறகு சல்லாவிலிருந்து ஒன்று. புதசியார்வியிலிருந்து இரண்டு. "யோவ், அது எங்க ஊர்ல இருக்குய்யா, நேத்துக்கூட அதுமேல சாஞ்சு நின்னேன்" என்று ஒருவர். "நீங்க சாஞ்சுதான் அது சாஞ்சுபோச்சா?" என்று இன்னொருவர். மூன்று நாளில் பெட்டி நிரம்பி வழிந்தது. வடக்கே இத்தனை கொட்டகை சாய்ந்து நிற்கிறது என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்காது. யாரும் எதையும் அவளிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் விஷயம் புரிந்திருந்தது, அவரவருக்கும் சொல்லாத ஓர் இடம் இருந்தது.

ஓர்வொக்கி அத்தனையையும் வரிசையாகப் பதிவிட்டாள், ஒவ்வொன்றின் மேலும் "இந்தக் கொட்டகை எங்கே?" என்று அதே தலைப்பு. முகநூல் குழுவில் பெரிய சண்டை மூண்டது. கூஹ்மோவா பொசியோவா என்று அடித்துக்கொண்டு, கடைசியில் போட்டியை நடத்தியவரே கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார். பழைய படம் அந்தக் கூட்டத்துக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நன்றியில் கண்ணும் கலங்கியது. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயரைத்தான் தேடினாள். அது வரவில்லை.

ஜூலை பாதி தாண்டியது. மருத்துவமனை மேசையில், ஒரு கிழவர் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்க, போன் சிணுங்கியது. புதிய பின்னூட்டம்.

"இதுல ஒண்ணுகூட சரியில்ல. அந்தக் கொட்டகை நார்வேல இருக்கு. என் கண்ணால பாத்தேன். தைமி."

ஓர்வொக்கி மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மினாள். "என்னம்மா, உனக்கும் பல்வலியா?" என்றார் கிழவர், தன் வலியையே மறந்து.

சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். இந்தமுறை தைமி எடுத்தாள்.

"இந்த வருஷம் கார் வந்துதா?" என்று ஓர்வொக்கி மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. என் வாசல்லயே நிறுத்தி என்னையே வழி கேட்டான். நார்வேக்கு அனுப்பி வச்சேன்."

ஓர்வொக்கி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "தைமி, என்னை மன்னிச்சிடு. தெரியாமப் பண்ணிட்டேன். ஒரு வருஷம் நீ பேசவே இல்ல."

"கோவம்" என்றாள் தைமி. "கிறிஸ்துமஸ் வரைக்கும் நல்ல கோவம். அப்புறம் கோவம் போயிடுச்சு. ஆனா எப்படிப் பேச்ச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீயும் எழுதறத நிறுத்திட்டே. காலைல காபிய வச்சுக்கிட்டு யாரப் படிக்கிறது சொல்லு? ரேடியோவக் கேட்டுக்கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

"இனிமே நிறுத்தமாட்டேன்."

"பழம் அடுத்த வாரம் பழுத்துடும். வா. கேமராவக் கொண்டு வா."

"வேண்டாம் தாயே! கேமராவ இங்கேயே பூட்டி வச்சிட்டு வரேன்."

"கொண்டு வான்னு சொல்றேன். சதுப்ப எடுக்கவா சொன்னேன்? என்னை எடு. அந்த லாரிக்காரரு, பொசியோக்காரரு, இத்தனை பேரு என் எடத்தக் காப்பாத்தறதுக்காக மனசறிஞ்சு பொய் சொல்லியிருக்காங்க. யாருக்காகச் சொன்னோம்னு அவங்களுக்குத் தெரியவேணாமா?"

ஐந்து வருடமாக ஒரு படம்கூடக் காட்டாதவள், ஊர் பேரை வாயில் வரவிடாதவள் சொன்னாள் இதை.

படம் வெளியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைமியின் வீட்டிலிருந்தே. வெள்ளைச் சுவரை ஒட்டி, தலையைச் சீவி, பளிச்சென்ற நீல ஜாக்கெட்டில் தைமி நின்றாள். பின்னால் ஒரு மரம்கூட இல்லை. அதை அவளே இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள். கீழே ஒரு வரி: "வணக்கம். நான்தான் தைமி."

பின்னூட்டங்கள் குவிந்தன. "அடடே, இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" "உங்க நாய் செத்தப்ப நானும் அழுதேங்க." லாரிக்காரர் மட்டும் வழக்கமான காபிக் குறையை மறந்துவிட்டு, "வணக்கம் தைமி, நான் பென்டி" என்று முதல்முறையாகத் தன் பெயரைப் போட்டார். ஓர்வொக்கி பதில் எழுத உட்கார்ந்தாள். தைமி அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள்.

"நகரு. எனக்கு வந்தது, நான்தான் எழுதணும்."

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் அவள் பதில் எழுதினாள். சௌனா சூடேறி ஆறிப்போனது. ஓர்வொக்கி இரண்டு முறை காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.